உப்புத் தண்ணீரில் நுரைக்காத சோப்பு

உபயோகித்துப் பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதியனுப்ப வேண்டும் என்று அந்தச் சோப்புக் கம்பெனிக்காரர்கள் உறைக்குள் ஒரு சின்னச் சீட்டு வைத்திருந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கிழித்துத்தான் போட்டிருப்பார்கள். நான் எழுதினேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பிறந்தது குமாரபாளையத்தில், வாசலைத் தாண்டி இரண்டு சந்து நடந்தால் காவிரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். வாக்கப்பட்டது ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தோட்டம் துரவு உள்ள குடும்பம். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீரைத் தவிர. குடிக்க ஊருக்கு ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. மற்றதெல்லாம் உப்பு. துவைப்பதும் குளிப்பதும் அதில்தான். பூந்திக்கொட்டையை ஊற வைத்துக் கசக்கித்தான் அந்தப் பக்கத்துப் பெண்கள் நல்ல துணிகளைத் துவைப்பார்கள்.

பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தபோது அண்ணன் அந்தப் புதுச் சோப்பை வாங்கி வந்தார். 'எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்' என்று உறையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆற்றில் குழந்தைத் துணிகளைத் துவைத்தேன். அருமையாக இருந்தது. திரும்பி வரும்போது இரண்டு கட்டி எடுத்து வந்து எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் தேய்த்தால், நுரையே இல்லை. பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகத் தண்ணீரில் மிதந்தது. அதுவே துணியில் ஒட்டிக் காய்ந்து சாம்பல் நிறத்தில் படிந்துவிட்டது.

இரண்டையும் ஒரு கார்டில் எழுதினேன். 'பால் போல நுரைக்கிறது, ஒரு தடவை தேய்த்தாலே அழுக்கு போகிறது. ஆனால் இது காவிரித் தண்ணீரில். என் புக்ககத்துக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் நுரைக்கவே இல்லை, துணியும் கெட்டது. ஆகையால் எந்தத் தண்ணீரிலும் என்று நீங்கள் போட்டிருப்பது சரியல்ல' என்று எழுதி, கீழே என் வீட்டுக்காரர் பெயரையும் ஊரையும் போட்டேன். அந்த நாளில் பெண்கள் கடிதம் எழுதினால் அப்படித்தான்.

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டைக்கு மஞ்சள் கொண்டுபோனவர், திரும்பும்போது வாரப் பத்திரிகை ஒன்றை விரித்துப் பிடித்தபடியே உள்ளே வந்தார்.

"புள்ளே, இங்க பாரு. உன்ற காயிதம் அச்சாயிருக்குது!"

பார்த்தேன். சோப்பு விளம்பரத்தின் நடுவில், ஒரு கட்டத்துக்குள் எங்கள் ஊர். அவர் பெயர் போட்டு, அவர் சம்சாரம் என்று நான். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடி ஒரு தரம் வாசித்தபோதுதான் உறைத்தது. 'பால் போல நுரைக்கிறது, ஒரு தடவை தேய்த்தாலே அழுக்கு போகிறது.' அவ்வளவுதான். காவிரியும் இல்லை, உப்புக் கிணறும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயருக்கு மேலே அந்த இரண்டு வரி நின்றால், எங்கள் ஊர்த் தண்ணீரில் நுரைக்கிறது என்றுதானே அர்த்தம்?

நான் அன்றைக்கே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் பத்திரிகையைப் பார்க்க வந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு காட்டினேன். அச்சில் வந்த பெருமை ஒரு பத்து நாள் என் வாயைக் கட்டிப் போட்டுவிட்டது. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பதினோராம் நாள் காலையில் நெசவாளர் தெருவிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் ஒரு வேட்டி. மகள் கல்யாணத்துக்காக அவர் புருஷன் சொந்தத் தறியில் நெய்தது. அதை என் முன்னால் விரித்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் சாம்பல் திட்டு.

"நீங்க எழுதியிருக்கறீங்கன்னு கடைக்கார பாய் வாசிச்சுக் காட்டினாருங்க. அதை நம்பித்தான் இந்தச் சவுக்காரம் வாங்கினனுங்க. மாப்பிள்ளைக்கு இதையா குடுக்கறது, நீங்களே சொல்லுங்க அம்மிணி."

அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பதில் வேண்டும் என்று கேட்டார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து நாலு குடம் சுமந்து வந்து, பூந்திக்கொட்டைச் சாற்றில் வேட்டியை வேகவைத்து, இருவரும் சேர்ந்து அலசினோம். மூன்றாம் அலசலில் வெள்ளை திரும்பியது. கல்யாணம் நல்லபடி நடந்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. பத்திரிகைக்கு எழுதினேன், விளம்பரத்தில் வருவதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி வந்தது.

"உட்டுத்தள்ளு. பெரிய கம்பெனிக்காரங்கிட்ட நாம போயி என்ன பண்ண முடியும்?" என்றார் வீட்டுக்காரர்.

மாமியார் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். "எப்படிடா உடறது? எம்பட பையன் பேரைப் போட்டுப் பொய் சொல்லியிருக்கறான். அவ எழுதினதுல பாதியத் திருடிட்டான். உட முடியாது."

வழி தானாக வந்தது. அடுத்த சந்தை நாளில் ஆட்டையாம்பட்டிக்கு அந்தக் கம்பெனியின் ஏஜெண்டு வரப்போகிறார், எல்லாருக்கும் முன்னால் துணி துவைத்துக் காட்டப்போகிறார் என்று செய்தி. நானும் மாமியாரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். நெசவுக்கார அக்காவும் கூட வந்தார்.

பாய் கடைக்கு எதிரில் ஒரு மேஜை. மேலே கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. கோட்டு போட்ட ஏஜெண்டு, நாற்பது வயதிருக்கும், மதராஸ் பக்கத்துப் பேச்சு. பித்தளை அண்டாவில் தண்ணீர் வைத்து, அழுக்குத் துணியை நனைத்துச் சோப்பைத் தேய்த்தார். நுரை பொங்கி அண்டா விளிம்பைத் தாண்டியது. கூட்டம் வாயைப் பிளந்தது. அவர் பத்திரிகையை எடுத்து உயர்த்தினார்.

"நான் சொல்லலை. உங்க ஊர்ப் பக்கத்து அம்மாவே சொல்றாங்க, கேளுங்க!" என்று என் இரண்டு வரியை உரக்க வாசித்தார்.

மாமியார் என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். "எழுதினவ இவதானுங்க!"

ஏஜெண்டுக்கு முகம் மலர்ந்தது. "அட, வாங்கம்மா, வாங்க! இவ்வளவு பேர் இருக்காங்க. உங்க வாயாலயே ஒரு வார்த்தை சொல்லுங்க."

சந்தைக் கூட்டத்தில், ஆண்களுக்கு நடுவில், நான் அதற்கு முன் நின்றதுகூட இல்லை. ஆனால் அந்த அண்டாவைப் பார்த்ததும் கேள்வி வந்துவிட்டது.

"இந்தத் தண்ணி எங்க மொண்டதுங்க?"

அவர் சிரித்தார். "தண்ணி தண்ணிதானேம்மா?"

"இல்லீங்க. எங்க மொண்டது?"

பாய்தான் கடைக்குள்ளிருந்து சொன்னார்: "காவேரியில மொண்டு பீப்பாயில கொண்டாந்ததுங்கம்மா. காலையில என்ற கடையிலதான் இறக்கி வெச்சாங்க." அந்தச் சோப்பை விற்று, வாங்கியவர்களிடம் ஒரு மாதமாக அவரும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நெசவுக்கார அக்கா யாரிடமும் கேட்கவில்லை. பாய் கடைக் குடத்தை எடுத்துக்கொண்டு சந்தைக் கிணற்றுக்குப் போய், நிறைய உப்புத் தண்ணீர் மொண்டு வந்து மேஜையில் வைத்தார். "இதுல தொவைங்க பாப்பம்."

பின்வாங்க வழியில்லை. ஏஜெண்டு வேறொரு பாத்திரத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். இன்னும் தேய்த்தார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்தார். திப்பி மிதந்ததே ஒழிய நுரை வரவில்லை. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு சந்தையே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கார்டு எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை விடாமல், 'பால் போல' என்பதிலிருந்து 'சரியல்ல' வரைக்கும், சத்தமாகச் சொன்னேன். "நான் எழுதினது இதுங்க. பாதியை வெட்டிப்போட்டு மீதியை மட்டும் என்ற பேச்சுன்னு போடாதீங்க. நல்லா இருக்கறதையும் நாந்தான் எழுதினேன், நல்லா இல்லாததையும் நாந்தான் எழுதினேன்."

கூட்டத்தில் "அதான சரி!" என்று நாலைந்து குரல் கிளம்பியது. மாமியார் தன்னைச் சுற்றி நின்றவர்களிடம், "எம்மட ஊட்டு மருமவ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, இந்தக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. அச்சில் வந்ததைத்தான் எனக்கும் கொடுத்தாங்க. பீப்பாய்த் தண்ணி விஷயம் என் தப்புதான். நீங்க மறுபடி முழுசா எழுதிக் கொடுங்க, நானே முதலாளி கையில கொடுக்கறேன்."

பாய் காகிதமும் பேனாவும் கொடுத்தார். அங்கேயே, அரிசி மூட்டை மேல் வைத்து எழுதினேன். ஏஜெண்டு இரண்டு சீசாக்களில் சந்தைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, தக்கை வைத்து அடைத்து எடுத்துக்கொண்டு போனார். ஊர் திரும்பும்போது வண்டியில் நாங்கள் மூன்று பேரும் பேசிய பேச்சுக்கு மாடுகளே மிரண்டிருக்கும்.

போனவர் போனவர்தான் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் மார்கழியில் ஏஜெண்டு எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கினார். கையில் ஒரு மரப்பெட்டி. அதில் உறை போடாத ஐந்து சோப்புக் கட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண் குத்தியிருந்தது. சீசாவில் கொண்டுபோன சந்தைக் கிணற்றுத் தண்ணீரில் கம்பெனியில் சோதித்துப் பார்த்தார்களாம். தேங்காயெண்ணெயைக் கூட்டியும் சோடாவை மாற்றியும் ஐந்து விதமாகக் காய்ச்சியிருக்கிறார்களாம்.

"எது தேவலைன்னு நீங்கதான் சொல்லணும்மா," என்றார்.

தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் அன்று முழுக்கத் துவையல். அவரவர் வீட்டு அழுக்குத் துணி வந்து குவிந்தது. முதலாவது நுரைக்கவில்லை. இரண்டாவது நுரைத்தது, ஆனால் கையைக் கடித்தது. ஐந்தாவது, தேய்க்கும்போதே கரைந்து போனது. மூன்றா நாலா என்று சண்டை வந்தது. மாமியார் மூன்று என்றார். நெசவுக்கார அக்கா வாதத்துக்கு இடம் வைக்காமல், ஒரே வேட்டியைப் பாதி மூன்றிலும் பாதி நாலிலும் துவைத்து வெயிலில் போட்டார். காய்ந்ததும் எல்லாரும் பார்த்தோம். நாலுதான் வெள்ளை. மாமியாரும் ஒத்துக்கொண்டார்.

வேலியிலும் கொடியிலும் கிணற்று மேட்டிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் துவைத்த துணி அவ்வளவு வெளுத்து நான் பார்த்தது அன்றுதான். ஏஜெண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"அப்போ நாலாம் நம்பர் நல்லா இருக்குன்னு எழுதிக்கலாமாம்மா?"

"எழுதிக்கோங்க," என்றேன். "ஆனா மணந்தான் புடிக்கலை. வெளக்கெண்ணெய் மாதிரி அடிக்குது. அதையும் எழுதுங்க."

சுற்றி நின்ற பெண்கள் ஒரே குரலில், "ஆமாங்க, அதையும் எழுதுங்க!" என்றார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். பொங்கல் கழிந்து அந்தச் சோப்பு பாய் கடைக்கு வந்தது. பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. உப்புத் தண்ணீர் ஊர்களுக்கென்றே செய்தது என்று. கட்டத்துக்குள் எங்கள் அபிப்பிராயம், ஒரு எழுத்து குறையாமல். மணம் பிடிக்கவில்லை என்பது வரைக்கும்.