வலது தோளில் வைத்த துப்பாக்கி

திருப்பதி துப்பாக்கிக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்துப்போய்த்தான் பஸ் ஏறினேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் ஆசையாய் வாங்கிய துப்பாக்கி அது, இரண்டு குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். பறவை வேட்டைக்குத்தான் தடையாயிற்றே, துப்பாக்கி கிளப்பில் பறக்கவிடும் களிமண் தட்டுகளை வலது தோளில் வைத்துச் சுட்டேன். இருபத்தைந்தில் ஒன்றுகூட உடையவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"கோணத் துப்பாக்கிய என் தலையில கட்டிட்டீங்களா?" என்று கடையில் கத்தினேன்.

"அத அப்படியே எழுதிக் குடுங்க சார்" என்று பேப்பரை நீட்டினார். ஆத்திரத்தில் கிறுக்கினேன்.

அவர் என் கையையே பார்த்தார். "இடது கையில எழுதுறீங்களே! எந்தக் கைன்னு வாங்கின அன்னிக்கி ரெண்டு வாட்டி கேட்டேன், வலதுன்னு சொன்னீங்க. இதோட கட்டை வலது தோளுக்கு வளைச்சது சார், உங்களுக்கு இடது தோள்லதான் குறி நிக்கும்."

சின்ன வயதில் நல்ல காரியத்துக்கு இடது கை நீண்டால் என்னைப் பெற்ற நைனா விறகுக்கட்டையால் அடிப்பார். புதுப் பொருள் வாங்கும்போது உண்மை எப்படி வாயில் வரும்?

கடைக்காரர் இடது தோளுக்கான துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தோளில் வைக்குமுன் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். முப்பது வயது, கையில் துப்பாக்கி, அப்படியும் பயம். நைனா செத்து நாலு வருஷமாகிறது.