சாமியை விட்டுவிட்டுப் போன மேளம்

உறுமி அடித்து அடித்து என் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறிவிட்டது. மழை ஓய்ந்தாலும் அது ஓயாது. டுரியான் துங்கால் ஊர் கிளினிக் டாக்டர், "காதை அடைச்சுக்குங்க, இல்லாட்டி மேளத்த விட்டுருங்க" என்றார். மேளத்தை விடுவதற்கு எனக்கு மனமில்லை. எங்கள் குழுவில் தப்பு மேளம் அடிப்பவர் செங் ஊரிலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே கொடுக்கும் ஆரஞ்சு நிறக் காதடைப்பான்களை எல்லாருக்கும் கொண்டுவந்தார்.

மெர்லிமாவ் ஊர்க் கோவில் திருவிழாவில் சாமி ரதத்துக்கு முன்னால் காதை அடைத்துக்கொண்டு அடித்தபடி நடந்தோம். ஆகா, மேகத்துக்குள் நின்று அடிப்பது போலிருந்தது! பின்னால் ரதம் ஒரு வீட்டு வாசலில் அர்ச்சனைக்கு நின்றுவிட்டது எங்களுக்குத் தெரியவில்லை. கோவில் தலைவர் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஸ்டேஷன் வரை துரத்தி வந்து, கையை ஆட்டிக் கத்தினார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தோம். அவர் என் காதிலிருந்ததைப் பிடுங்கினார்.

"யோவ், சாமி அங்க நிக்குது! நீங்க பெட்ரோல் ஸ்டேஷனுக்கா மேளம் அடிக்கிறீங்க?"

"காது போயிரும் லா, தலைவரே."

"மொதல்ல சாமி போச்சேய்யா!"

இப்போதெல்லாம் தலைவரின் மோட்டார் சைக்கிள் எங்களுக்கு முன்னால் ஊர்கிறது. ரதம் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்து அவர் பிரேக் பிடிப்பார்; விளக்கு சிவந்தால் நாங்களும் நிற்கிறோம். என் சில்வண்டு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வண்டிப் புகை மட்டும் நேரே எங்கள் முகத்துக்கு வருவதால், குழு முழுவதும் தாளம் தப்பாமல் இருமுகிறது.