முதல் குழாய்

அமெரிக்காவில், டோலிடோ நகரத்தில் நான் வேலை பார்க்கும் கறிக்கடையில் வாண்டா நோவிக்கிக்குச் சோறு போட்டது அவள் விரல்கள்தான். பன்றித் தொடையை எலும்பிலிருந்து பிரிக்கும்போது கத்தியைப் பார்க்கவே மாட்டாள், தடவியே வழி கண்டுபிடிப்பாள். வாயும் அதே கூர்மை. "உன் புருஷனவிட இந்தப் பன்னிக்கு மூளை ஜாஸ்தி" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவி, மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. இரத்தத்தில் புற்றுச் செல்கள் மிதக்கின்றனவா என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் நிம்மதி. அவளுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும்.

இரத்தம் எடுப்பவள் டோரீன், வாண்டாவோடு பந்துருட்டி ஆடும் பௌலிங்குக்குப் போகும் தோழி. அன்று குத்திக் குத்தி ஒரு குழாய் நிரம்பியதும் நரம்பு அடைத்துக்கொண்டது. முதல் குழாயை எண்ண அனுப்பக் கூடாது என்பது டோரீனுக்குத் தெரியும். ஆனாலும், "போதும்டி, உன்ன இன்னொரு தடவ குத்த எனக்கு மனசு வரல" என்று அதையே அனுப்பிவிட்டாள்.

ஒன்பது என்று வந்தது. மாத்திரை தோற்றுவிட்டது என்று டாக்டர் கீமோவுக்கு மாற்றினார். முடி போனது. பிறகு விரல்கள் மரத்துப்போயின. ஒருநாள் கத்தி தன் கையை அறுப்பதே தெரியாமல் வாண்டா அறுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி அவளை விலைச்சீட்டு ஒட்ட அனுப்பினார்.

அடுத்த முறை டோரீன் விடுப்பு. புதிதாக வந்தவன் முதல் குழாயைக் குப்பையில் போட்டான்.

"பாடுபட்டு எடுத்தத ஏம்பா தூக்கிப் போடுற?"

"ஊசி குத்துன எடத்துத் தோல் செல் அதுல கலந்திருக்கும் மேடம். அதையும் புத்துன்னு எண்ணிடுவாங்க."

இம்முறை ஒன்றுதான். "பாத்தீங்களா, புது மருந்து பிரமாதமா வேலை செய்யுது!" என்று டாக்டர் பூரித்தார். போன முறை முதல் குழாயையே எண்ண அனுப்பியதை வாண்டா சொன்னாள். அவர் விசாரித்துவிட்டு, வெளிறிய முகத்தோடு கீமோவை நிறுத்திப் பழைய மாத்திரைக்கே மாற்றினார்.

"என் விரலு?"

"சிலருக்குத் திரும்பி வரும்."

அவளுக்கு வரவில்லை.  டோரீன் காட்டியது போன்ற இரக்கத்தை நாய்க்குக்கூடக் காட்டக் கூடாது.

ஈஸ்டர் பண்டிகைக்குப் பன்றித்தொடை வாங்க வந்த டோரீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்டி அப்படிச் செஞ்சேன்."

வாண்டா கோணலாக ஒட்டிய சீட்டைப் பிய்க்க முடியாமல் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ நெனச்சது நடந்துடுச்சுடி," என்றாள். "இப்ப எதுவுமே வலிக்கல."