கண்ணாடியில் தெரியாத புண்

குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு நாற்பது நாள் விடுப்பில் வந்த என் கணவர், வீட்டுக்குள் வந்த பிறகும் கழுத்துத் துண்டை எடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது நான்தான் இழுத்தேன். பிடரியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. சிவந்து, நாலைந்து கண் வைத்திருந்தது.

"ஒண்ணும் இல்லமே, லாரி சூடு" என்றார்.

என் தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒத்தடம் கொடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் பிதுக்கினேன். கொஞ்சம் சீழ் வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் குளிர்காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எங்கள் ஊர் வெதுருகுப்பத்திலிருந்து பஸ்ஸில் திருப்பதிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர். அப்படி என்மேல் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் ஒரு அம்மா. ராஜபிளவை (பல கண் வைத்து, தோலுக்கு அடியில் பரவும் சீழ்க்கட்டி) என்றார். ரத்தத்தில் சர்க்கரையும் ஏகத்துக்கு இருந்தது. அன்றுதான் எங்களுக்கே தெரியும்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். யார் பிதுக்கினது?"

நான் கட்டைவிரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நான்தான் மேடம். கண்ணாடியப் பாத்துக்கினே அமுக்கிட்டேன்" என்றார் அவர்.

"பிடரியையா? ஏ அத்தம்லோ சூசாவய்யா?" எந்தக் கண்ணாடியில் பார்த்தாய் என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, மருத்துவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

மயக்கம் கொடுத்து, கெட்ட சதையை வெட்டி எடுத்தார்கள். தையல் போடவில்லை. "மேல மூடிட்டா உள்ள சீழ் நின்னுடும்மா. அடியிலருந்து சதை வளரணும். தினமும் நீதான் கட்டு மாத்தணும்" என்றார் மருத்துவர். முதல் நாள் அந்தக் குழியைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கட்டு. அவர் ஸ்டூலில் எனக்கு முதுகு காட்டி உட்காருவார். சலைனால் (சுத்தமான உப்புநீர்) கழுவி, ஈரத் துணிச்சுருளைக் குழிக்குள் மெதுவாக வைப்பேன். வலித்தால் என் சேலை முனையை இறுக்கிப் பிடிப்பார், சத்தம் போடமாட்டார்.

விடுப்பு முடிந்தது. விமானம் அவரில்லாமல் போனது. வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்கள் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. அன்று கட்டு மாற்றும்போது அவர் கேட்டார்:

"இன்னா கலர்ல கீது?"

"மாதுள முத்து மாதிரி."

"நல்லதா?"

"நல்லதுதான். புதுச்சதையாம்."

புண் மூட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் இன்சுலின் தானே போடக் கற்றிருந்தார். தடா பக்கம் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டவும் பேசி வைத்திருந்தார்.

கட்டு நின்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அதான் ஆறிப்போச்சே?"

"தெரியும். நீ வா."

போய் உள்ளங்கையை அந்த வழுவழுப்பான தழும்பில் வைத்தேன்.

"கை வெச்சது தெரியுதா?"

"நடுவுல தெரியல" என்றார். "சுத்தித் தெரியுது. எடுக்காத."