செல்வராணி அக்கா வாசித்த சீட்டு

போன வாரம் மகளுக்கு இருமல். கீழவாசலில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை கேட்டேன். கடைக்காரர் ஒரு துண்டைத் தட்டிப் பொட்டலம் கட்டும்போது குப்பென்று ஒரு காரமான வாசனை எழுந்தது. கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "வேற ஏதாவது வேணுமாங்க?" என்று அவர் இரண்டாவது முறை கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

சித்தரத்தை வாசனை என்றால் எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சொல்கிறேன்.

அப்போது தஞ்சாவூரில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அரசு விடுதியில் தங்கியிருந்தேன். சாயங்காலம் டைப்பிங் வகுப்பு. அங்கே சொல்லிக்கொடுத்தவர் செல்வராணி அக்கா. முப்பது வயதிருக்கும். எப்போதும் கன்னத்தில் ஒரு துண்டு சித்தரத்தையை அடக்கிவைத்திருப்பார். குனிந்து நம் தாளைப் பார்க்கும்போது அந்த வாசனை வரும். ஆனால் அவர் தாளைப் பார்ப்பதே குறைவு. மேசையில் உட்கார்ந்தபடி, "மூணாவது மெஷின், ஓடாதே. தாளம் போவுது பாரு" என்பார். மூன்றாவது மெஷின் நான்தான். பத்து மெஷின் ஒரே நேரத்தில் தடதடக்கும் அறையில் எது தடுமாறுகிறது என்று எப்படித்தான் தெரிந்ததோ. ஒருநாள் வகுப்பை அரைமணி முன்னதாகவே முடித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ரிகர்சல் இருக்கு. பாட்டு ரிகர்சல். வர்றியா?"

பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடி. குறுகலான படிக்கட்டு. மேலே ஒரு மெல்லிசைக் குழுவின் ஆபீஸ். ஆபீஸ் என்பது ஒரு அறை, ஒரு காலண்டர், ஒரு கீபோர்டு. கீபோர்டு வாசித்தவர்தான் குழுவின் சொந்தக்காரர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நரைத்த மீசை, எதற்கும் சலித்துக்கொள்கிற முகம். புல்லாங்குழல் வைத்திருந்தவர் பகலில் தபால்காரர், காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல் வந்திருந்தார். செல்வராணி அக்கா கைப்பையை ஜன்னலில் வைத்தார், சித்தரத்தையைக் கைக்குட்டையில் எடுத்து மடித்தார், பாடினார்.

அதற்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் பாட்டு ரேடியோவிலிருந்து வருகிறது என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி வாயால் சொல்லமாட்டேன், ஆனால் மனசுக்குள் அதுதான். எங்கோ சென்னையில் செய்து அனுப்புகிறார்கள், நாம் கேட்கிறோம். மூன்றடி தள்ளி நின்று ஒரு மனுஷி, ரேடியோப் பெட்டியும் மைக்கும் இல்லாமல், தொண்டையிலிருந்து அதை எடுத்து அந்த அறையில் வைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பல்லவி முடிந்து சரணத்துக்கு ஏறும் இடத்தில் என் கைமயிரெல்லாம் எழுந்து நின்றது. பயந்துபோய் கையைத் தேய்த்துக்கொண்டேன். "ஃபேனைக் குறைக்கச் சொல்லட்டுமா?" என்றார் தபால்காரர். குளிருகிறது என்று நினைத்துவிட்டார், பாவம்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு சிறுதொழிலைப் பற்றிக் கள ஆய்வு செய்து எழுதவேண்டிய பாடம் இருந்தது. மற்றவர்கள் அரிசி ஆலை, தலையாட்டி பொம்மை, பாத்திரக் கடை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஊரின் பாட்டுத் தொழில் என்றேன். எங்கள் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஆர்கெஸ்ட்ராவா? அது தொழிலாம்மா?" வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஆனால் அது எப்பேர்ப்பட்ட தொழில்! பெரிய கோயில் கோபுரத்தைப் பார்க்க உலகமே வந்துபோகும் ஊரில், அந்த நிழலுக்குச் சற்றுத் தள்ளி இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? பாடகிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருந்தார்கள். முகூர்த்த நாள் வந்தால் அவர்களுக்கு அடிபிடி. காலையில் கல்யாணத்துக்கு நாகசுரம் வாசித்தவர், குளித்து பேண்ட் மாட்டிக்கொண்டு சாயங்காலம் ரிசப்ஷனில் கிளாரினெட் ஊதினார். தெற்கு வீதியில் ஒரு கேசட் கடை இருந்தது. எந்தக் கேசட் அங்கே தீர்ந்துபோகிறதோ அந்தப் பாட்டை மாஸ்டர் அந்த வாரமே ரிகர்சலில் வைத்துவிடுவார். எந்தப் பாட்டை யாருக்கு எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், எடுக்கவேண்டும் என்று ஒரு நீள நோட்டு வேறு. "செல்விக்கு அஞ்சரை. சளி புடிச்சா அஞ்சு" என்று அதில் அக்காவைப் பற்றி எழுதியிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் செத்தா நீயே குழுவை நடத்தலாம் போலருக்கே!"

கச்சேரி ஒன்றை நேரில் பார்க்காமல் ஆய்வு எப்படி முடியும் என்று அக்காவிடம் நச்சரித்தேன். பொங்கல் விடுமுறை முடிகிற நாள். காணும் பொங்கலுக்குச் சாயங்காலக் கச்சேரி ஒன்று இருந்தது. அழைத்துப்போனார்.

ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் மேடை போட்டிருந்தார்கள். நெல் தாள் செருப்பையும் தாண்டிக் குத்தியது. விழாக் குழுத் தலைவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். வேன் நின்றதுமே ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கேட்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள் அல்லவா, அவற்றை வாங்கி அடுக்கிவைப்பது. பாடுவதற்கு முன்னால் அக்கா பெயரையும் தெருவையும் மைக்கில் வாசிப்பார். அதற்காகவே எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு.

நாலு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. இரண்டு பாட்டு முடிந்ததும் தலைவர் மேடை ஓரத்துக்கு வந்தார். என்னிடம்தான் பேசினார், அன்பாகவே.

"பாப்பா, காலனிப் பக்கத்துலேருந்து சீட்டு வந்தா பாட்டப் பாடிடுங்க, அதுல ஒண்ணுமில்ல. பேரு, தெருவெல்லாம் வாசிக்க வேணாம். ஊர்ல வழக்கமில்ல."

"சரிங்க" என்றேன்.

அந்தச் 'சரிங்க'வைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லிவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. ஏனென்றால் நானும் ஒரு காலனித் தெருப் பெண்தான். அங்கிருந்து எங்கள் ஊர் எட்டு மைல். அம்மா நடவுக்குப் போய்த்தான் என்னைப் படிக்கவைத்தார். விடுதியிலும் கல்லூரியிலும் எந்த ஊர் என்று கேட்டால் "மன்னார்குடி பக்கம்" என்று நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. தலைவருக்கு நான் தஞ்சாவூரிலிருந்து வந்த காலேஜ் பெண். அப்படியே இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

சீட்டும் வந்தது. கூட்டத்துக்கு வெகு பின்னால், வாய்க்கால் கரையில் தனியாக நின்றிருந்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். பென்சில் எழுத்து. 'காளியம்மாள், காலனித் தெரு. நர்சு படிப்பு முடிச்சு வேலைக்குப் போற மக வசந்திக்காக.' கீழே பாட்டின் முதல் வரி. நான் அதை எல்லாச் சீட்டுக்கும் அடியில் வைத்தேன். புதுச் சீட்டுகள் மேலே சேரச் சேர அது அடியிலேயே கிடந்தது.

வெந்நீர் குடிக்க வந்த அக்கா சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார். "மொதல்ல குடுத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்கல்ல, அடியிலேருந்து எடுப்போம்" என்று அதை உருவினார். படித்தார். கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பவோ வந்திருக்கே. ஏன் குடுக்கல?"

தலைவர் சொன்னதைச் சொன்னேன்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்க்கா."

அக்கா என்னையே பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"மன்னார்குடி பக்கங்க்கா."

"பக்கம்னா?"

ஊரைச் சொன்னேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, "காலனித் தெருதான்க்கா" என்றும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சித்தரத்தையை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து என் கையில் கொடுத்தார். மைக்கின் முன்னால் போய் நின்றார்.

"அடுத்த பாடல். நம்ம ஊர் காலனித் தெருவைச் சேர்ந்த காளியம்மாள் அவர்கள், நர்ஸ் படிப்பை முடித்து வேலைக்குச் செல்லும் தன் அன்பு மகள் வசந்திக்காக விரும்பிக் கேட்ட பாடல்."

'அவர்கள்' சீட்டில் இல்லை. 'அன்பு' இல்லை. 'நம்ம ஊர்' இல்லவே இல்லை. ஆனால் அதற்கு முன்பு வாசித்த பெயர்களுக்கெல்லாம் எந்தக் குரலோ அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. மாஸ்டரின் விரல்கள் கீபோர்டுக்கு மேலே நின்றன. ஒரு கணம்தான். அப்புறம் வாசிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பாட்டைப் பற்றி எழுத என்னிடம் சொல் இல்லை. தாலாட்டைப்போல ஆரம்பித்துப் போகப்போகத் துள்ளுகிற ஒரு சினிமாப் பாட்டு. நூறு முறை கேட்டதுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்த பாட்டாக இல்லை. அக்கா கூட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் தலைக்கும் மேலே, வாய்க்கால் கரையைப் பார்த்துப் பாடினார். அங்கே ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளைப் பிடித்திருந்தாள். அத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. கடைசிச் சரணத்தில் பாட்டு இன்னும் ஒரு படி மேலே ஏறியது. அவ்வளவு உயரத்தில் ஒரு குரல் துளியும் கிழியாமல் நிற்பதை அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை. வயல், வைக்கோல் போர், மாலை வெயில் எல்லாம் அதன் கீழே இருந்தன.

இதற்குள் தலைவர் மைக்செட் மேசைக்குப் போய்விட்டார். மைக்செட் கணேசன் அந்த ஊர்க்காரர். தலைவரை நம்பித்தான் அவருக்குப் பிழைப்பு.

"கட் பண்ணுய்யா!"

"பண்றேங்க, பண்றேங்க. ஒயரு பின்னிக்கிச்சுங்க. எது மைக்கு ஒயருன்னு தெரியல" என்று கணேசன் மேசைக்கு அடியில் புகுந்தார். வருஷக்கணக்காகத் தானே மாட்டிக் கழற்றும் ஒயரை அந்த மனிதர் பாட்டு முடியும்வரை தேடினார். முடிந்த பிறகு வேர்வை வழிய வெளியே வந்து, "கெடச்சிடுச்சுங்க" என்று காட்டினார்.

கச்சேரி அத்தோடு முடிந்தது. யாரும் எங்களை அடிக்கவில்லை. அவ்வளவு நேரம் சிரித்துப் பேசியவர்கள் எங்களைப் பார்க்காமல் நடந்தார்கள், அவ்வளவுதான். தயாராக இருந்த சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் சாமானை ஏற்றிக் கிளம்பினோம். ஒரத்தநாட்டில் ஒரு டீக்கடையில் ஆளுக்கொரு பன் சாப்பிட்டோம். வேன் கிளம்பிச் சற்று தூரம் போனதும் மாஸ்டர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"செல்வி, இனிமே அந்த ஊருக்கு நம்மளக் கூப்புட மாட்டாங்க."

"வேணாமே சார்."

"வேணாமா? நல்லாருக்கு. கடைசிச் சரணத்துல அரைக் கட்டை ஏத்திட்டியே, தொண்டை கிழிஞ்சிருந்தா?"

"நான் எங்க சார் ஏத்துனேன்? நீங்கதான் கீபோர்டுல ஏத்துனீங்க. நான் உங்க பின்னாடி வந்தேன்."

மாஸ்டர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துத் தபால்காரர்தான் முதலில் சிரித்தார். தஞ்சாவூர் வரும்வரை அந்த வேனில் சிரிப்பு நிற்கவில்லை. நான் மட்டும் பின் சீட்டில் அழுதுகொண்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போலக் கையை என் முழங்காலில் வைத்திருந்தார்.

ஆய்வை எழுதி முடித்தேன். முகூர்த்த நாள், கேசட் கடை, கட்டைக் கணக்கு எல்லாம் அதில் இருந்தது, இது இல்லை. மேல் அட்டைக்கு முழு முகவரி வேண்டும் என்றார்கள். மூன்றாவது மெஷினில் உட்கார்ந்து, தெருப் பெயரையும் சேர்த்து டைப் அடித்தேன். அக்கா மேசையிலிருந்து எதுவும் சொல்லவில்லை. தாளம் சரியாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் முன்பு அவருடைய எண் கிடைத்துப் பேசினேன். திருப்பூரில் மகளோடு இருக்கிறார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஸ்தாயி போய்விட்டதாம். பேசும் குரலே கரகரவென்று வேறு யாருடையதோபோல இருந்தது. அந்தப் பொங்கல் கச்சேரி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஊரைச் சொன்னேன், காளியம்மாளைச் சொன்னேன், மேசைக்கு அடியில் புகுந்த கணேசனைச் சொன்னேன்.

"சீட்டு வாசிக்க வேணாம்னு சொன்ன ஊரா? அப்படி எத்தனை ஊருடி. எதைன்னு ஞாபகம் வச்சிக்கிறது?"

போனை வைத்த பிறகும் வெகுநேரம் அந்த 'எத்தனை ஊரு' காதிலேயே நின்றது.

அந்தப் போட்டோ ஸ்டுடியோ மாடியில் இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம். மாஸ்டர் இல்லை. கல்யாணங்களில் லேப்டாப்பில் இசையை ஓடவிட்டு இரண்டு பேர் பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள். பாட்டு வேண்டுமென்றால் போனில் தகவல் போகிறது. யார் கேட்டது என்று யாரும் வாசிப்பதில்லை. அக்கா பாடியதை யாரும் பதிவு செய்யவில்லை. கேசட்டிலும் இல்லை, போனில் தேடினாலும் கிடைக்காது. அதைக் கேட்டவர்கள் அந்த வயலிலும் வாய்க்கால் கரையிலும் நின்ற நாங்கள் கொஞ்சம் பேர்தான். சிங்கப்பூர், சென்னை, திருப்பூர் என்று எங்கெங்கோ போய்விட்டோம். எங்களுக்குப் பிறகு அந்தக் குரல் இல்லை.