வைண்டிங்காரர் வாங்கிய கிட்டார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர் வைண்டிங்காரர். அதற்காக அவர் ஒருநாளும் தலை குனிந்ததில்லை. குனிய என்ன இருக்கிறது? கருகிப்போன மோட்டாரை முகர்ந்து பார்த்தே உள்ளே எந்தக் கம்பிச் சுருள், எந்தக் காயில் போனது என்று சொல்லக்கூடியவர். பெரிய படிப்புப் படித்த இஞ்சினியர்கள் காரில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவர் வாய் திறக்கட்டும் என்று காத்து நிற்பார்கள். சொந்தக் கடை, சொந்த வீடு, இரண்டு பெண்களின் கல்யாணம், எல்லாம் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான்.

அறுபத்திரண்டு வயதில் இவருக்கு எலக்ட்ரிக் கிட்டார் ஆசை என்றால் தெரு சிரிக்கத்தான் செய்யும். ஆனால் ஆசை பழையது. அவருடைய முதல் கடையை ஒட்டி ஒரு பாட்டுக் கோஷ்டி ஒத்திகை பார்த்தது. அந்தக் கிட்டார்காரரிடம் ஒருநாள், "உள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். "காந்தம், அதைச் சுத்திக் கம்பி, அவ்வளவுதான்" என்றார் அவர். அன்று மண்டைக்குள் புகுந்த வண்டு பிறகு வெளியே வரவே இல்லை. தான் சுற்றும் கம்பி தண்ணீர் இறைக்கும், மாவு அரைக்கும். அதே கம்பி பாடவும் செய்யுமா?

மலிவாக ஒரு கிட்டார் வாங்கி, தட்டுத்தடுமாறித் தானே வாசிக்கப் பழகினார். காயிலைப் பிரித்தால் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பழைய கிட்டார் என்றால் மனுசக் கையால் சுற்றியிருப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்படித்தான் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு மனைவியோடு போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் விலைக்கு இருந்தது. டீச்சரம்மாவின் தம்பி கப்பல் வேலைக்குப் போன காலத்தில் வாங்கியது. ஒரு வருடம் வாசிப்பதற்குள் விரல்கள் மடங்காமல் போனதால் பெட்டியில் வைத்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். ஐம்பது வருடமாக வாரம் ஒருமுறை துடைத்து வைத்திருக்கிறார் அக்கா. பெட்டியைத் திறந்ததும் வைண்டிங்காரர் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். ஒரு கீறல் கிடையாது. பழுத்த ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு நிறம்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்," என்றார் டீச்சரம்மா. "யாரும் பிரிச்சுப் பாக்கக் கூடாது. முன்னாடி வந்தவங்க பிரிக்கிறதுக்கு முன்னாலயே உள்ள எதையோ மாத்தியிருக்குன்னு சொன்னாங்க. என் தம்பியைத் திருடன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அனுப்பிட்டேன்."

"நான் பிரிக்கவே வேணாம்மா," என்று மீசையைத் தடவினார் வைண்டிங்காரர். பையிலிருந்து கம்பியின் தடையை அளக்கும் மீட்டரை எடுத்து, வயர் செருகும் ஓட்டை வழியாகவே, சுவிட்சை மாற்றி மாற்றி இரண்டு காயிலையும் அளந்தார். அடிப்பக்கத்துக் காயில் ஏழு காட்டியது. கழுத்துப் பக்கத்துக் காயில் ஆறைக்கூடத் தொடவில்லை. மோட்டாரில் காயில்கள் எல்லாம் ஒரே அளவு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோளாறு. நாற்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"ஒரு காயில் போச்சு. இல்லேன்னா யாரோ கை வெச்சிருக்காங்க."

டீச்சரம்மா பெட்டியின் மூடியைச் சாத்தக் கை நீட்டினார்.

மனைவிதான் குறுக்கே புகுந்தார். "ஏங்க, உங்களையும் என்னையும் அளந்தா ஒரே நம்பரா வரும்? நம்ம குடும்பம் ஓடலையா? வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

டீச்சரம்மா உதட்டோரம் லேசாகச் சிரித்தார். கை மூடியை விட்டது.

கொண்டுபோயிருந்த சிறிய ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒரு தந்தியை மீட்டினார். கழுத்துப் பக்கத்துக் காயிலில் சத்தம் உருண்டு வந்தது. சுவிட்சை மாற்றினால் அடிப்பக்கத்துக் காயிலில் கணீரென்று. இரண்டும் உயிரோடுதான் இருந்தன. மறுபடி மீட்டி, குனிந்து தந்தியையே பார்த்தார். கழுத்துப் பக்கம் தந்தி அகலமாக ஆடியது. அடிப்பக்கம் ஆட்டம் கொஞ்சம்தான்.

"அடடே," என்றார் மெதுவாக. "இங்க ஆட்டம் கம்மி. அதனால இதைச் செஞ்சவன் இங்க கம்பியைக் கூடுதலாச் சுத்தியிருக்கான். வேணும்னே செஞ்சிருக்கான்." நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சரம்மா, நான் சொன்னது தப்பு. மோட்டார் கணக்கை இங்க போட்டுட்டேன். உங்க தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதை மனைவி அன்றுதான் முதல்முதலாகக் காதால் கேட்டார். டீச்சரம்மா பேசிய பணத்தை வாங்கி வைத்துவிட்டு, கிட்டாரைக் கடைசியாக ஒருமுறை துடைத்து அவர் மடியில் வைத்தார். "இனிமே உங்க பொருள். பிரிச்சுப் பாக்கறதும் பாக்காததும் உங்க இஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் மேசையில் சலவைப் போர்வையை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினார். ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் பூதக்கண்ணாடி வழியே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருகாணிகளின் தலைப் பள்ளத்தில் ஒரு உரசல்கூட இல்லை. கம்பெனியில் முடுக்கியதோடு சரி, எந்த ஸ்க்ரூடிரைவரும் தொட்டதில்லை. பிரித்தால் உள்ளே பார்க்கலாம். ஆனால் பிரிக்காத கிட்டார் என்ற பெயர் அந்த நிமிடமே போய்விடும்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்ப உள்ள எத்தனை சுத்துன்னு தெரியாமலேயே இருந்துடுவீங்களா?" என்றார் மனைவி.

"காதால எண்ணிக்கிறேன்," என்று தந்தியை மீட்டினார் வைண்டிங்காரர்.