விலை இறங்கும்போது வாங்கிய வீடு

என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தோம். அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் எங்கள் மகள் ஜெனிபா.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கால்களில் பெலன் இல்லை. சக்கர நாற்காலிதான். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஏற்ற வாடகை வீடு தேடி அம்பத்தூர், வானகரம், பூந்தமல்லி என்று அலைந்தோம். கீழ்த்தளம் கிடைத்தாலும் வாசலில் படி இருக்கும். எங்கள் செலவிலேயே சாய்தளம் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு ஒரு வீட்டுக்காரர், "படிய இடிக்கவெல்லாம் உட மாட்டேன்மா. வேற ஊடு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

"என்னாலதானம்மா உங்களுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்று ஜெனிபா கேட்டாள். சமையலறைக்குள் போய் அழுதேன்.

சொந்தமாக வாங்கவும் பயம். அப்போது எங்கள் பக்கம் வீட்டு விலை இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டி முடித்த பிளாட்டுகள் பூட்டிக் கிடந்தன. என் கொழுந்தனார் சாமுவேல், "அவசரப்படாதீங்க மதினி. இன்னும் எறங்கும். இப்ப வாங்குறவன்தான் ஏமாளி" என்றார். என் கணவருக்கும் அது சரியாகப்பட்டது. ஆயுசு முழுக்க உழைத்ததை இதில் போட்டு இழந்துவிட்டால்? அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நமக்காகக் காத்திருக்காதே.

அந்த வாரமே உபவாசம் இருந்து ஜெபிக்கத் தொடங்கினேன். "ஆண்டவரே, விலை ஏறுமா இறங்குமா என்று நான் உம்மிடம் கேட்கவில்லை. என் மகள் யாரையும் கூப்பிடாமல் தானே போய் வர ஒரு வாசலைத் தாரும்." இதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். மாதங்கள் போயின. பதில் இல்லை. நானும் விடவில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தனி வீடு விலைக்கு வருவதாக ஒரு சகோதரி சொன்னார். மூவரும் போனோம். வாசலைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். சிமெண்டில் போட்ட சாய்தளம்.

வீட்டுக்கார அம்மா கன்னியம்மா வெளியே வந்தார். கணவரை இழந்தவர், மகனோடு போய் இருக்கப்போகிறவர். "எங்க ஊட்டுக்காரருக்குக் கை கால் இழுத்துக்கிச்சே, அப்ப போட்டது. பாத்ரூம் கதவுகூட பெருசாத்தான் வெச்சிக்கீறோம். வர்றவங்க எல்லாம் இத இடிக்கணும்னே சொல்றாங்க" என்றார்.

நான் தள்ளுவதற்குள் ஜெனிபா தானே ஏறி உள்ளே போய்விட்டாள். ஒவ்வோர் அறையாகச் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்து, "அப்பா, நானே போயிட்டு வந்துட்டேன்" என்றாள்.

என் கணவர் கன்னியம்மா பக்கம் திரும்பி, "நாங்களே வாங்கிக்கிறோம்மா" என்றார்.

விலை ஏறியிருந்த காலத்தில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தனி வீட்டை எங்களால் நினைத்தே பார்த்திருக்க முடியாது. எங்களைப் பயமுறுத்திய அதே இறக்கத்தைக் கொண்டே தேவன் எங்களுக்கு வழி திறந்தார்.

நாங்கள் குடிவந்த பிறகும் விலை இறங்கியது. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு இன்னும் குறைவாகப் போனது. "நான் அப்பவே சொன்னேம்லா" என்றார் சாமுவேல்.

"எறங்கட்டும்டே. நான் விக்கதுக்கா வாங்கினேன்? இன்னைக்கு எம் மவ தனியா ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்துருக்கா" என்றார் என் கணவர். அன்றிலிருந்து அவர் யாரிடமும் விலை விசாரிப்பதில்லை. இப்போது காலை ஜெபத்தை அவர்தான் நடத்துகிறார்.

உடனே வீடு வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொறுத்திருப்பதுதான் சிலருக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கலங்கி நிற்கிறவர்களே, உங்கள் குடும்பத்துக்கு மெய்யாகவே என்ன தேவை என்பதை ஆண்டவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதில் தாமதித்தாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். அவருக்கே எல்லா மகிமையும்.